விருமாயி வாய் திறந்தால் டவர்

வருசநாட்டு மலைகளுக்குள்ளே, ஒரு மலை இன்னொரு மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற இடத்தில், நாலு பக்கமும் பாறை எழும்பி நிற்க, அண்டாவின் அடியில் ஒட்டிக்கொண்ட சோறு மாதிரி ஓர் ஊர் இருந்தது. அதற்கு அண்டாப்பாறை என்றே பெயர். மழை வந்தால் மழை உள்ளே இறங்கும், பனி வந்தால் பனி இறங்கும், தேர்தல் வந்தால் வேட்பாளர்கூட வேனை விட்டு இறங்குவார், செல்போன் டவர் மட்டும் இறங்காது. கிழக்கே புறப்படுகிற டவர் கொக்குக் கூட்டம் மாதிரி ஊருக்கு மேலே பறந்து, மேற்கு மலையைத் தாண்டி, கேரளாவில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்று டீக்கடை மொக்கைச்சாமி சொல்வார். அதை அவர் கண்ணால் பார்த்ததாகவும் சொல்வார்.

ஆனாலும் ஊரில் எல்லார் கையிலும் செல் இருந்தது. செல் இருந்து டவர் இல்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதை அவர்களும் செய்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள். பரோட்டாப் பொட்டலத்தில் வருகிற வெள்ளித்தாளைக் கழுவிக் காயவைத்து செல்லின் முதுகில் ஒட்டினார்கள். உறையைக் கழற்றி வீசினார்கள். சிம்மை வெளியே எடுத்து, பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்து, ஊதி, கண்ணில் ஒற்றி மறுபடி சொருகினார்கள். விமானப் படத்தை அமுக்கி, மனசுக்குள் குலசாமியை நினைத்து, மறுபடி அமுக்கினார்கள். எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்திப் பார்த்தார்கள், இட்லிக் கொப்பரை மூடிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தார்கள். கிழிந்த குடையின் கம்பிகளில் செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் மறுமுனையைச் செல்லோடு சேர்த்துக் கட்டினால் ஒரு கோடு வரும் என்று யாரோ சொல்ல, மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஊரே குடை பிடித்து நடந்த காலம் ஒன்று உண்டு.

கடைசியில் ஊர் மந்தையில் நின்ற பெரிய இலவ மரம்தான் கொஞ்சம் கைகொடுத்தது. அதன் உச்சிக் கிளையில் கிணற்றுக் கப்பியைக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் எல்லாருடைய செல்லையும் போட்டு, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மேலே ஏற்றுவார்கள். உச்சியில் வாளி ஆடும்போது கீழே நிற்பவர்களின் தலையும் ஆடும். மேலே போன செல்லில் கீழேயிருந்து பேச முடியாதுதான், ஆனால் வந்து நின்றிருந்த சேதியில் கொஞ்சம் வாளியோடு இறங்கி வரும், யார் யார் கூப்பிட்டார்கள் என்றாவது தெரியும். எல்லாம் ஒரே மாதிரி செல் என்பதால் கை மாறிப் போவதும் உண்டு. அப்படி ஒருமுறை ஒருவருக்கு வந்த பெண் பார்க்கும் சேதியை இன்னொருவர் படித்துவிட்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய், பஜ்ஜி தின்று, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஊரில்தான் விருமாயியும் அவள் புருசன் சிவனாண்டியும் இருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பில் வெந்ததைத் தின்று, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல் பல வருசமாக இருந்தார்கள். அவர்கள் மகள் சுகப்பிரியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், விருமாயி அவள் அம்மா வீட்டிலிருந்து ஓட்டிவந்த எருமையை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆண்டிபட்டிச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்று, அந்தக் காசில் ஒரு டிவி டிஷ் வாங்கிவந்து கூரையில் வைத்தார் சிவனாண்டி. டிஷ்ஷில் படம் வரவில்லை. எருமையும் திரும்பி வரவில்லை. அன்றைக்கு மூடிய வாயை விருமாயி அவருக்காகத் திறக்கவே இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வாள், சோறு ஆறுது, திங்கிறவுக வந்து திங்கலாம் என்று. அவரும் விட்டுக்கொடுக்காமல் பதிலை வீட்டுத் தூணிடம் சொல்வார், உப்பு கம்மி என்று. சமாதானம் பேசிவைக்கப் பொங்கலுக்குப் பொங்கல் ஊர்க்காரர்கள் கூடிவந்து, கோழிக்கறி தின்றுவிட்டு, தூணுக்கும் கோழிக்கும் நடுவே நியாயம் சொல்ல முடியாமல் எழுந்து போவார்கள். டிஷ் மட்டும் வீணாகவில்லை, அதில் விருமாயி மோர்மிளகாய் காயப்போட்டாள்.

சுகப்பிரியா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள். அவள் புருசன் பனியன் கம்பெனியில் தையல்காரன். அவள் உண்டானதும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர விருமாயி பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைத்தாள். ஆனால் அங்கே டாக்டரம்மா, இந்த உடம்போடு அந்த மலைப்பாதையில் பஸ் ஏறவே கூடாது, வழியில் ஏதாவது ஆனால் கூப்பிட ஒரு போன்கூட எடுக்காத ஊராமே என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து விருமாயி காலை வாளிக்கும், சிவனாண்டி மாலை வாளிக்கும் மந்தைக்குப் போய் நின்றார்கள். இரண்டு பேர் செல்லிலும் மகள் கூப்பிட்டு எடுக்காத அழைப்புகள் வரிசையாக நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத விருமாயி அந்த வரிசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருவாள்.

மாசி மாசத்து வெயிலில் ஒரு நாள் காலையில் சிவனாண்டிக்கு ஒரு யோசனை வந்தது. டிஷ்ஷைக் கிழக்கே இரண்டு பாறைக்கு நடுவே தெரிகிற சந்தைப் பார்த்துத் திருப்பி, அதன் நடுக்கொண்டையில் செல்லைக் கட்டினால், பறந்து போகிற டவரில் கொஞ்சமாவது அதில் வந்து விழாதா என்று நினைத்தார். கூரையில் ஏறினார். டிஷ் நிறைய மோர்மிளகாய் இருந்தது. அவர் அதைப் பதனமாகத்தான் சாக்கில் சரிக்கப் பார்த்தார், மிளகாய்தான் சாக்கைப் பார்க்கவில்லை. அத்தனையும் கூரையில் உருண்டு, கீழே கழனிப் பானையில் போய் விழுந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த விருமாயி கோழியைத் தேடினாள். கோழி குப்பைமேட்டுப் பக்கம் போயிருந்தது. வாய்க்குள் வந்துவிட்ட பேச்சை விழுங்கவும் முடியாமல், இறக்கிவைக்க ஓர் உயிரும் பக்கத்தில் இல்லாமல், அவள் நேராகக் கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"யோவ், கண்ணு தெரியலையா ஒனக்கு?"

சிவனாண்டி கூரையிலிருந்து விழப் பார்த்தார். அவர் தூணைத் தேடினார். கூரைமேல் ஏது தூண்? டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, அவரும் நேராகவே சொன்னார்.

"தெரியுது. மொளகாதான."

மொளகாதானா என்று ஆரம்பித்தாள் விருமாயி. அவள் ஆரம்பித்த அதே நொடியில் அண்டாப்பாறையிலிருந்த அத்தனை செல்லும் ஒரே நேரத்தில் அடித்தன. சட்டைப் பையில் இருந்தது, அரிசிப் பானைக்குள் இருந்தது, மாட்டுத் தொழுவத்தில் மறந்து வைத்தது, ஏற்றுவதற்கு வாளியில் சேர்ந்திருந்தது எல்லாம் அடித்தது. மலைக்கு மேலே வருசக்கணக்கில் அடைத்துக் கிடந்த சேதியெல்லாம் மடை உடைந்த மாதிரி உள்ளே இறங்கியது. போன தீபாவளிக்கும் அதற்கு முந்தின தீபாவளிக்கும் வாழ்த்து வந்தது. முடிந்துபோன வேலைக்கு வரச்சொல்லி வந்தது. மேலத்தெருக்காரர் ஒருவர் தனக்குப் பேரன் பிறந்திருப்பதையும், அந்தப் பேரன் தவழ்வதையும், நடப்பதையும், பல் விழுந்து சிரிப்பதையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை. நாலு கோடு காட்டுதா, எனக்கும் நாலுதான் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள், பிறகு அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

விருமாயி மிளகாயை முடித்து, எருமையைத் தொட்டு, மூச்சு வாங்கியபோது டவர் போய்விட்டது.

அது எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை. முதலில் டிஷ்தான் காரணம் என்று நினைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு மொக்கைச்சாமிதான், டிஷ் பல வருசமா அங்கதான கெடக்கு, பேச்சுதான் புதுசு என்று சொன்னார். மகளிர் குழுத் தலைவி தங்கப்பொண்ணு ஒரு பொய்யான காரணத்தோடு அந்த வீட்டுக்குப் போய், மதினி, கழனிப் பானையில விழுந்த மொளகாயக் கழுவி எடுத்துரலாம்ல என்று அண்ணன் கேட்டார் என்று சொல்ல, விருமாயி உள்ளே திரும்பிச் சிவனாண்டியைப் பார்த்து வாயைத் திறந்தாள். தங்கப்பொண்ணு முந்தானைக்குள் பார்த்தாள். மூன்று கோடு. சிவனாண்டி பதில் சொன்னார். நாலு.

இதையே மற்றவர்களும் செய்து பார்க்காமல் இல்லை. மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் புருசன் பெண்டாட்டிகள் கையில் செல்லை வைத்துக்கொண்டு மனசாரச் சண்டை போட்டார்கள். குடங்கள் நசுங்கின, ஒருத்தி அம்மா வீட்டுக்கே போய்விட்டாள், ஒரு கோடுகூட வரவில்லை. வைத்தியம் விருமாயி வீட்டில்தான் இருக்கிறது என்று ஊர் ஒப்புக்கொண்டது.

பொங்கலுக்குப் பொங்கல் சமாதானம் பேசவந்த அதே ஆட்கள் மந்தையில் கூடி, இனி அந்த வீட்டில் யாரும் சமாதானம் பேசக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இத்தனை வருசமும் சமாதானம் ஆகாமல் காத்துத் தந்த சாமிக்கு ஒரு பொங்கல் வைப்பது என்றும் முடிவானது. தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முறைக்காரர் காலையில் அந்த வீட்டு வாசலில் போய் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு வரவேண்டும். அண்ணே, மதினி நேத்து தண்ணிக் குழாயில ஒங்க அக்காவப் பத்தி என்னமோ சொன்னாகளாமே என்பார் ஒருவர். மதினி, அண்ணன் டீக்கடையில ஒங்க கொழம்ப ரசமுன்னு சொன்னாரு என்பாள் இன்னொருத்தி. பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கும். ரேஷன் கடைக்காரர் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலுக்கு எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டார். காலேஜுப் பிள்ளைகள் மாட்டுத் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து பாடம் கேட்டார்கள். கேஸ் சிலிண்டர் பதிய வந்தவர் வேலிக்கு வெளியே நின்று, மதினி, நம்பர் இப்பத்தான் வருது, இன்னுங் கொஞ்சம் பேசுங்க என்று கெஞ்சினார்.

சண்டை நிசமாக இருக்க வேண்டும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒருமுறை மகளிர் குழுவுக்கு மேலதிகாரி ஒருவரோடு செல்லில் முகம் பார்த்துப் பேசுகிற கூட்டம் இருந்தது. தங்கப்பொண்ணு இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆரம்பிக்கலாம் அண்ணே என்றாள். சிவனாண்டி கூச்சத்தோடு, ஏம்மா சோறாக்கல என்றார். விருமாயி, ஆக்கிட்டேனே என்றாள். ஒரு கோடு வந்து, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விட்டது. சூடு பத்தாது என்று ஊர் முடிவு கட்டியது. எவ்வளவுக்குச் சூடோ அவ்வளவுக்குக் கோடு என்று மொக்கைச்சாமி டீ ஆற்றிக்கொண்டே சொன்னதை எல்லாரும் வேதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டுக்குள்ளே நடந்ததை ஊர் கவனிக்கவில்லை, செல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரமில்லை. விருமாயிக்குத் தன் புருசனின் குரல் மறந்தே போயிருந்தது. அது இவ்வளவு கனத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீ பேசும்போது நெஞ்சுல கபம் கட்டுற மாதிரி இருக்கு, அந்தக் கர்மம் புடிச்ச பீடிய விடுய்யா என்று அவள் ஒரு சண்டையின் நடுவே சொன்னாள். விட்டுட்டா நீ எருமைய மறந்துருவியா என்று அவர் கேட்டார். மறக்க மாட்டேன், ஆனாலும் விடு என்றாள். அவர் விட்டார். காலையில் முறைக்காரர் வருவதற்கு முன்னாலேயே எழுந்து, முகம் மழித்து, சட்டை போட்டுக்கொண்டு சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருப்பார். அவள் தலை வாரிக்கொண்டு வருவாள். இத்தனை வருசத்தில் சொல்லாமல் சேர்ந்துபோனவை இருவரிடமும் நிறைய இருந்தன. கோழிக்கும் தூணுக்கும் புரியாது என்று சொல்லாமல் விட்டவையும் அதில் இருந்தன.

நடுநடுவே சுகப்பிரியா கூப்பிடுவாள். செல்லை இருவருக்கும் நடுவே உரல்மேல் வைத்துக்கொண்டு பேசுவார்கள். பாதி அவளோடு, பாதி ஒருவரோடொருவர். அவள் கால் வீக்கத்துக்குப் பார்லித் தண்ணி குடி என்று இவள் சொல்ல, அதெல்லாம் வேணாம், தலையணையில காலத் தூக்கி வைக்கச் சொல்லு என்று அவர் சொல்ல, ஒனக்கு என்னய்யா தெரியும், நீயா பெத்த என்று இவள் கேட்க, மறுபக்கம் சுகப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சின்ன வயசிலிருந்து அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருவருக்கும் நடுவே சேதி சுமந்தவள். இப்போது அவளுக்கு வேலையே இல்லை.

பங்குனியில் ஒரு நாள் செல்போன் கம்பெனிக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்தார். டவர் கம்பம் நட்டுத்தரச் சொல்லி ஊர் முன்னொரு காலத்தில் எழுதிப்போட்ட மனு எங்கெங்கோ சுற்றி, அப்போதுதான் அவர் மேசைக்குப் போயிருந்தது. உண்மையிலேயே டவர் இல்லையா என்று அளக்க ஒரு மிஷினோடு வந்திருந்தார். ஊர் அவரை வரவேற்று, சாப்பாட்டுக்கு எந்த வீட்டில் கோழி அடிப்பது என்று யோசித்தது. யோசித்தவர்களுக்குப் பழக்கதோஷம். விருமாயி வீட்டில் இலை போட்டார்கள். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, கொழம்பு நல்லாருக்கும்மா என்றார். காரம் தூக்கலா இருக்கும் தம்பி, மெல்லச் சாப்பிடுங்க என்றார் சிவனாண்டி. யாருக்குக் காரம் தூக்கல் என்று விருமாயி கரண்டியோடு திரும்பினாள். வெளியே நின்றவர்கள் ஓடிவந்து இருவரையும் கும்பிட்டார்கள், வாயைப் பொத்தச் சொல்லிக் கைகாட்டினார்கள், ஆனால் அதற்குள் பேச்சு குழம்பிலிருந்து அவர் அக்கா வீட்டுக் குழம்புக்குப் போய்விட்டிருந்தது. கம்பெனிக்காரர் மிஷினைப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். தேனி பஸ் ஸ்டாண்டில்கூட இவ்வளவு கிடைக்காது என்று சொல்லி, இந்த ஊருக்குக் கம்பம் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஊருக்கு அந்த இரண்டு பேரை விட்டால் வேறு கதி இல்லை என்று ஆகிவிட்டது. விருமாயி தும்மினால் கசாயம் வந்தது. சிவனாண்டிக்குத் தொண்டை கட்டினால் நாலு வீட்டிலிருந்து பனங்கற்கண்டு வந்தது. இருவரும் வெயிலில் வேலைக்குப் போகவேண்டாம் என்று அவர்கள் காட்டு வேலையை ஊரே செய்துகொடுத்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சித்திரை பிறந்து, சுகப்பிரியாவுக்கு நாள் நெருங்கி, விருமாயி திருப்பூருக்குப் போகப் பையைக் கட்டியபோதுதான் அந்த நல்லதுக்குக் கொம்பு முளைத்தது. பஸ்காரர் அவளைப் பார்த்தும் பார்க்காதது போல வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் செருப்பைக் காணவில்லை. அதற்கும் மறுநாள் பையையே காணவில்லை. தங்கப்பொண்ணு வந்து உட்கார்ந்து, பிள்ளையப் பாத்துக்க அங்க மாமியா இருக்காக, ஆசுபத்திரி இருக்கு, இங்க எங்களுக்கு யாரு மதினி இருக்கா என்று கண்ணீரோடு கேட்டாள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அவள் மகன் துபாயில் இருந்தான், வாரத்துக்கு ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே நாள் தள்ளிப்போய், ஒரு வெள்ளிக்கிழமை பகலில், கத்திரிக்காய்க்குப் புளி கரைத்த சண்டை நடந்துகொண்டிருந்தபோது மருமகன் கூப்பிட்டான். சுகப்பிரியாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறதாம், உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள், டாக்டரம்மா எதுவும் சொல்லமாட்டேன் என்கிறாள் என்றான். வச்சிராதீங்க அத்தை, யாராச்சும் பேசிக்கிட்டே இருங்க என்றான்.

ஆனால் பேசத்தான் முடியவில்லை. விருமாயி செல்லை உரல்மேல் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சிவனாண்டி வாசற்படியில் உட்கார்ந்து, இல்லாத பீடியை மடியில் தேடினார். இருவரும் தனித்தனியாகப் பயந்தார்கள். நாலு கோடு மூன்றானது, மூன்று இரண்டானது. மருமகன் குரல் தகரத்தில் மணல் விழுந்த மாதிரி உடைந்தது.

ஊர் ஓடிவந்தது. தெரிந்த வித்தையெல்லாம் காட்டியது. மதினி, அண்ணன் ஒங்கள மலடாப் போகாததே பெருசுன்னு சொன்னாரு என்று ஒருத்தி கூசாமல் சொன்னாள். விருமாயி திரும்பவில்லை. அண்ணே, மதினி ஒங்களக் கையாலாகாதவன்னு சொன்னாக என்றார் ஒருவர். சொல்லட்டும் என்றார் சிவனாண்டி. மொக்கைச்சாமி எருமையைப் பற்றி எடுத்தார், இரண்டு பேர் காதிலும் அது ஏறவில்லை. ஒரு கோடு. தங்கப்பொண்ணு செல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஊரே அந்த ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது உள்ளேயிருந்து விருமாயி சாமியிடம் வாய்விட்டுச் சொன்னது கேட்டது.

"ஆத்தா பேச்சி, எம்பிள்ளைய நல்லபடியாப் பெத்துப் பொழைக்க விடு. பொறக்குற பிள்ளைக்கு ஒம் பேர வைக்கிறேன்."

வாசற்படியில் சிவனாண்டியின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"அது முடியாது" என்றார். "நான் ஏற்கெனவே மலைக்கருப்புக்கு நேந்துட்டேன்."

"எப்ப நேந்த?"

"அவ உண்டான அன்னைக்கே."

"எங்கிட்டச் சொன்னியா?"

"அப்ப நம்ம பேசிக்கிறதில்லையே."

விருமாயி எழுந்து வாசலுக்கு வந்தாள். பொட்டப்பிள்ளை பிறந்தால் கருப்பு என்றா கூப்பிடுவது என்று கேட்டாள். ஆண்பிள்ளை பிறந்தால் பேச்சி என்றா கூப்பிடுவது என்று அவர் கேட்டார். பேச்சிமுத்து என்று வைத்தால் என்ன என்றாள். கருப்பாயி என்று வைத்தால் என்ன என்றார். அந்தச் சாமி என்றைக்காவது நம் வீட்டுக்கு வந்ததா என்றாள் இவள். நீ பிரசவத்தில் கிடந்தபோது மூன்று நாள் மலையில் அந்தச் சாமி காலடியில்தான் கிடந்தேன், சுகப்பிரியா உயிரோடு வந்தது எப்படி என்று நினைத்தாய் என்றார் அவர். விருமாயிக்கு அது தெரியாது. அவர் அன்றைக்கு எங்கேயோ குடித்துவிட்டுக் கிடந்தார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அதை ஏய்யா அன்னைக்கே சொல்லல என்று அவள் அழுகையும் கோபமுமாக அவர் தோளில் அடித்தாள். தங்கப்பொண்ணு கையிலிருந்த செல் சுட்டது. நாலு கோடும் நிமிர்ந்து நின்றன, ஒரு குழந்தையின் அழுகை, பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போல, அவ்வளவு தெளிவாக, அண்டாப்பாறை முழுக்கக் கேட்டது.

பெண் குழந்தை. தாயும் நலம். மருமகன் சிரித்துக்கொண்டே அழுதான்.

விருமாயி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. நானும் இவரும் நாளைக்குக் காலை பஸ்ஸுக்குத் திருப்பூர் போறோம், என் பை எங்க இருந்தாலும் வாசலுக்கு வரணும் என்றாள். ஊர் தலையைக் குனிந்துகொண்டது. விடிந்தபோது வாசலில் பை இருந்தது, செருப்பு இருந்தது, கூடவே பிள்ளை பெற்றவளுக்கு என்று பூண்டும், கருவாடும், மலைத்தேனும், ஒரு வெடக்கோழியும் இருந்தன.

பஸ் புறப்பட்டபோது ஊர் மொத்தமும் மந்தையில் நின்றது. சன்னலோரம் விருமாயி, பக்கத்தில் மடியில் கோழியோடு சிவனாண்டி. பெயரை முடிவு பண்ணிவிட்டுத்தான் திரும்புவோம் என்று அவர் சொல்ல, முடிவு பண்ண என்ன இருக்கு, பேச்சிதான் என்று அவள் சொல்ல, அந்தப் பேச்சோடு பஸ் மேட்டில் ஏறியது. எல்லாரும் அவரவர் செல்லைப் பார்த்தார்கள். நாலு கோடு. பஸ் முதல் வளைவில் மறைந்தது, நாலு கோடு. இரண்டாவது வளைவில் ஹாரன் மட்டும் கேட்டது, அப்போதும் நாலு. நல்ல சண்டை என்றார் மொக்கைச்சாமி பெருமையோடு. ரேஷன் கடைக்காரர் அவசரமாக ஓடிப்போய் மிஷினை எடுத்துவந்து நின்றவர்கள் விரலையெல்லாம் வாங்கினார். தங்கப்பொண்ணு துபாய்க்குப் போட்டு மகனிடம், பிறகு கூப்பிட முடியுமோ என்னமோ, நல்லாச் சாப்பிடுப்பா என்று சொன்னாள். பஸ் உச்சி ஏறுகிற வரைக்கும் ஊர் பேசிக்கொண்டே இருந்தது. பிறகு எல்லாச் செல்லிலும் ஒரே நேரத்தில் கோடுகள் போய்விட்டன.

பஸ் கணவாயைத் தாண்டிவிட்டது என்றார்கள் சிலர். இல்லை, இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள் என்றார்கள் சிலர். கூப்பிட்டுக் கேட்க வழியில்லாததால் பகல் முழுக்க அதையே பேசினார்கள்.

மாலையில் பஸ் திரும்பி வந்ததும் கண்டக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். டீயைக் கையில் கொடுத்து, சண்டை எதுவரைக்கும் நடந்தது, கணவாய் வரைக்குமா என்று கேட்டார்கள்.

"சண்டையா?" என்றார் கண்டக்டர். "மொத வளைவு திரும்புறதுக்குள்ளயே அந்தம்மா தூங்கிருச்சு. அவரு தோள்ல சாஞ்சு. ராத்திரியெல்லாம் கண்ணு மூடல போல. அவரு கணவாய் வரைக்கும் அப்படியே அசையாம ஒக்காந்து வந்தாரு. டிக்கெட் கேட்டேன், பேசாதன்னு வாயில வெரல வச்சுக் காட்டிட்டாரு."

அப்ப நாம இத்தன நாளா மொற வச்சு மூட்டுனதெல்லாம் என்று தங்கப்பொண்ணு ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் அண்டாப்பாறையில் ஆம்பளைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். காரணம் எதுவும் சொல்லாமல், அடுப்படியிலும் புறவாசலிலும் வேலையாக இருந்த பெண்டாட்டிமார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கையை மடிக்குக் கீழே மறைத்துச் செல்லைப் பார்த்தார்கள். என்ன என்று கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார்கள். மொக்கைச்சாமி வீட்டில் மட்டும் ஒரு கோடு வந்ததாக இன்றுவரைக்கும் அவர் சொல்கிறார். அது கண்ணாடியில் விழுந்த கீறல் என்கிறாள் அவர் பெண்டாட்டி.